வராத நாளிலும் பேசியவள்

பத்தாம் வகுப்பு அறையைக் கடந்து போகிறவர்கள், உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அவ்வளவு அமைதி. ஐம்பத்திரண்டு பேர் அடைந்து கிடக்கும் அறையில் மின்விசிறி முனகுவது கேட்கும். சுண்ணக்கட்டி தேய்வது கேட்கும். யாரோ எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம் வந்தால் முந்திரிக்காட்டை ஒட்டி நிற்கிறது அந்த அரசு உயர்நிலைப் பள்ளி. அங்கே மற்ற வகுப்புகளெல்லாம் சந்தைக்கடையாய் இரைந்துகொண்டிருக்க, இந்த ஒரு வகுப்பு மட்டும் வாயைப் பூட்டிச் சாவியை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டதுபோல் இருந்தது.

அந்த ஒருத்தி வெற்றிச்செல்வி. கணக்கு ஆசிரியை, பத்தாம் வகுப்பின் வகுப்பாசிரியை.

பெரம்பலூர்ப் பக்கத்துக் காலனி ஒன்றில் பிறந்தவள். அவள் படித்த பள்ளியில், ஊர்த்தெருப் பிள்ளைகளுக்கு உள்ளங்கையில் விழுந்த அடி, காலனிப் பிள்ளைகளுக்கு முதுகில் விழுந்தது. செய்த தவறு ஒன்றுதான். அடி விழுந்த இடம் மட்டும் வேறு. பதினான்கு வயதில் அப்படியோர் அடியை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார முடியாமல் நின்ற ஒரு மதியத்தில், அவள் இரண்டு உறுதிகள் எடுத்தாள். நான் ஆசிரியை ஆவேன். என் கையில் பிரம்பு இருக்காது. இரண்டையும் நிறைவேற்றினாள். பதினோராண்டுப் பணியில் ஒரு பிள்ளையின் மீதும் அவள் கை பட்டதில்லை.

“அடிச்சு வேலை வாங்குறது மாட்டுக்கு. எதிர்பார்த்து வேலை வாங்குறது மனுசனுக்கு” என்று ஆசிரியர் கூட்டங்களில் அவள் சொல்வாள். கைதட்டல் விழும்.

எதிர்பார்ப்பது என்றால் என்ன? சூன் மாதம் பள்ளி திறந்த முதல் நாளே ஒரு பெரிய தாளில் பத்து வரிகள் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினாள். ‘இந்த வகுப்பு உங்களிடம் எதிர்பார்ப்பவை’ என்பது தலைப்பு. ஐம்பத்திரண்டு பேரும் வரிசையில் வந்து அதன் அடியில் கையெழுத்திட்டார்கள். வகுப்புத் தலைவி கீதாஞ்சலியிடம் ஓர் ஒழுங்கு நோட்டுக் கொடுக்கப்பட்டது. தேதி, பாடவேளை, பெயர், குற்றம் என்று நான்கு கட்டங்கள். ஆசிரியர் இல்லாத வேளையில் பேசினால் பெயர் ஏறும். பெயர் ஏறியவர் அதை மறுத்துப் பேசக் கூடாது. மறுத்தால் இரண்டு முறையாக எண்ணப்படும். இது மூன்றாவது எதிர்பார்ப்பு. ஆளாளுக்கு எழுந்து ‘நான் பேசல டீச்சர், அவன்தான் பேசினான்’ என்று வாதாடத் தொடங்கினால் பாடம் எப்போது நடத்துவது என்று நினைத்துத்தான் அதைச் சேர்த்தாள். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தோடு செய்வதாலேயே நாம் திரும்பிப் பார்க்காமல் விட்டுவிடும் அநியாயங்கள் உண்டு.

நாள்தோறும் மாலையில் கீதாஞ்சலி நோட்டைக் கொண்டுவருவாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வெற்றிச்செல்வி வீட்டுப்பாட நோட்டுகளைத் திருத்தியபடியே அதன் அடியிலும் கையெழுத்திடுவாள். வெள்ளிக்கிழமைதோறும் பெயர் ஏறிய ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. அதில் அதுவரைக்குமான மொத்த எண் மட்டும் இருக்கும். பெற்றோர் கையெழுத்தோடு திங்கட்கிழமை திரும்ப வேண்டும்.

வகுப்பு அடங்கியது. அடங்கிய வகுப்பைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். சனவரியில் ஒரு புதனும் வியாழனும் அரியலூரில் நடந்த ஆசிரியர் பயிற்சிக்கு, அந்த நோட்டை விளக்கிப் பேச அவளையே அழைத்தார்கள். இருநூறு ஆசிரியர்களுக்கு முன்னால் பேசினாள். பிரம்பில்லாத வகுப்பறை என்று முழங்கினாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்குத் திரும்பி வருகைப்பதிவு எடுத்தபோது, ஒரு பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடு இழுக்கப்பட்டிருந்தது. கவியா.

கவியா காலனிப் பெண். கடைசி பெஞ்சில் சன்னல் ஓரம் உட்காருபவள். கேள்வி கேட்டால் எழுந்து நின்று, விடை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் தரையைப் பார்ப்பவள்.

வெற்றிச்செல்வி நேரே தலைமையாசிரியர் பாலசுந்தரத்தின் அறைக்குப் போனாள். அவர் கணினித் திரையில் பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க டீச்சர்! அரியலூர்ல கலக்கிட்டீங்களாமே? எனக்கு மூணு எச்எம் போன் பண்ணிட்டாங்க.”

“கவியா பேர் அடிச்சிருக்கு சார்.”

“ஆமா. டிசி வாங்கிட்டுப் போயிட்டாங்க. நேத்து.”

“யாரு வாங்குனா?”

“அவங்கப்பாதான். என்னமோ நான் கழுத்தப் புடிச்சுத் தள்ளுன மாதிரி பாக்குறீங்க? வரச் சொன்னேன். உங்க நோட்டக் காட்டுனேன். அம்பத்தெட்டு எடத்துல அந்தப் புள்ள பேரு இருக்கு. அரைப் பரீட்சையில கணக்கு பதினெட்டு மார்க்கு. ‘ஒழுங்கும் இல்ல, படிப்பும் இல்ல, இந்த வருசம் எழுதுனா பெயில் ஆயிடும், அசிங்கம். அடுத்த வருசம் தனித்தேர்வரா எழுதட்டும்’னேன். மனுசன் ஒரு வார்த்த எதுத்துப் பேசல. குனிஞ்சு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு.” பாலசுந்தரம் திரையைத் தட்டிக் காட்டினார். “அம்பத்தொண்ணு. அத்தனையும் தேறும். நூத்துக்கு நூறு. உங்க நோட்டு இல்லன்னா இது சாத்தியமா டீச்சர்?”

“பட்டியல் எப்ப முடியுது சார்?”

“இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணியோட சரி.”

அவள் ஆசிரியர் அறைக்கு வந்து வருகைப்பதிவேட்டையும் ஒழுங்கு நோட்டையும் அருகருகே விரித்தாள். ஐம்பத்தெட்டு என்ற எண்தான் அவளை உறுத்தியது. தரையைப் பார்த்துக்கொண்டே நிற்கிற பெண் ஐம்பத்தெட்டு முறை பேசியிருக்கிறாள் என்றால், அந்தக் குரலைத் தான் ஒருமுறைகூடக் கேட்டதில்லையே என்பது உறுத்தியது. தேதி தேதியாக விரலை ஓட்டினாள். சூன், சூலை, ஆகஸ்டு. நவம்பருக்கு வந்ததும் விரல் நின்றது.

நவம்பர் பதினொன்று. நோட்டு சொன்னது: ‘மூன்றாம் பாடவேளை, கவியா, பேசினாள்.’ வருகைப்பதிவேடு சொன்னது: கவியா வரவில்லை.

பன்னிரண்டு. நோட்டில் பேசினாள், பதிவேட்டில் வரவில்லை. பதின்மூன்று. பதினான்கு. இருபத்தொன்றாம் தேதி வரை, விடுமுறை போக ஒன்பது வேலை நாள். டைபாய்டு காய்ச்சலில் அந்தப் பெண் செயங்கொண்டத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்த நாள்கள் அவை. விடுப்புக் கடிதம் இவள் கைக்குத்தான் வந்தது. காலையில் வரவில்லை என்று இவளே குறித்தாள். மாலையில் பேசினாள் என்ற வரிக்கு அடியில் இவளே கையெழுத்திட்டாள். ஒரே பேனா. ஒரே மை.

கீதாஞ்சலியை வெளியே அழைத்தாள். முதல் மதிப்பெண்காரி, ஊர்த்தெருப் பெண், இரட்டைப் பின்னல் கலையாமல் வந்து கைகட்டி நின்றாள்.

“நவம்பர்ல கவியா ஆஸ்பத்திரில கெடந்தாளே, தெரியுமா உனக்கு?”

“தெரியும் டீச்சர்.”

“தெரிஞ்சுமா அவ பேர எழுதுன?”

கீதாஞ்சலிக்குக் கண் நிறைந்தது.

“அழுவாத. சொல்லு.”

“சூலையில ஒரு நாள் நோட்டுல யாரு பேரும் இல்லாம கொண்டாந்தேன் டீச்சர். நீங்க திட்டுனீங்க. ‘அம்பத்திரண்டு பேருல ஒருத்தர்கூடவா வாயத் தொறக்கல? நீயும் அவங்களோட கூட்டு சேந்துட்டியா?’ன்னு கேட்டீங்க. அன்னைலேருந்து தெனம் ஒரு பேராச்சும் எழுதிடுவேன்.”

“பேசுனவங்க பேர எழுத வேண்டியதுதான?”

“எழுதுனேன் டீச்சர். அரவிந்தன் பேர எழுதுனதுக்கு அவங்கம்மா எங்க வூட்டு வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்திட்டுப் போனாங்க. முத்தமிழ்செல்வன் பேர எழுதுனதுக்கு அவங்கப்பா எங்கப்பாவோட பேசறதையே வுட்டுட்டாரு. வூட்ல எனக்குத்தான் திட்டு.” மூக்கை உறிஞ்சினாள். “கவியா பேர எழுதுனா யாரும் வந்து கேக்க மாட்டாங்க டீச்சர்.”

“அவ வராத நாள்லயுமா?”

“அன்னைக்கு இன்னும் சுலுவு டீச்சர். அவளே பாக்க மாட்டா.”

அந்தப் பெண்ணின் குரலில் பகை இல்லை, வன்மம் இல்லை. மழை வந்தால் குடை பிடிக்க வேண்டும் என்று சொல்வதுபோல் சொன்னாள். யார் பெயரை எழுதினால் சண்டைக்கு ஆள் வரும், யார் பெயரை எழுதினால் வராது என்பதை இந்த மண்ணில் காலங்காலமாய்ப் பேனா பிடித்தவர்கள் அத்தனை பேரும் அறிவார்கள். அந்தப் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இருந்தும் பதினைந்து வயதுப் பிள்ளை அதைப் பிழையின்றிக் கற்றுத் தேறியிருந்தாள். சாதியை ஒழிக்க வேண்டும் என்று மேடையேறிப் பேசுகிறவளின் வகுப்பில், அவள் கொடுத்த நோட்டில், அவள் போட்ட கட்டங்களுக்குள் அந்தத் தேர்வு நடந்திருந்தது. வினாத்தாள் தயாரித்தவளும் வெற்றிச்செல்வி. விடைத்தாளில் கையெழுத்திட்டவளும் வெற்றிச்செல்வி.

“போ” என்றாள்.

இரண்டு பதிவேடுகளையும் பாலசுந்தரத்தின் மேசை மீது விரித்து வைத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். பார்த்து முடித்ததும் அவர் முகத்தில் வியப்பு எதுவும் இல்லை.

“ரெண்டுலயும் கீழ யாரு கையெழுத்து டீச்சர்?”

“என்னுதுதான் சார்.”

“எது பொய்? வருகைப்பதிவேடு பொய்யின்னா அது வேலைக்கே ஆபத்து. ஒழுங்கு நோட்டு பொய்யின்னா, நேத்து எரநூறு பேருக்கு முன்னால நீங்க பேசுனதே பொய். நீங்களே சொல்லுங்க.”

“ஒழுங்கு நோட்டு பொய் சார்.”

“எழுதிக் குடுப்பீங்களா?”

“குடுக்கறேன்.”

அவர் சிரித்தார். “உணர்ச்சிவசப்படாதீங்க. நீங்க அந்தப் பக்கத்துலேருந்து வந்தவங்க, அந்தப் புள்ள மேல ஒரு எரக்கம் இருக்கும், புரியுது. ஆனா ஒரு புள்ளைக்காவ…”

“தாள் குடுங்க சார்.”

எழுதினாள். ஒழுங்கு நோட்டில் உள்ளவற்றைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டேன் என்றும், கவியாவின் பெயர் பொய்யாக ஏறியிருக்கிறது என்றும், அதற்கு முழுப் பொறுப்பும் நானே என்றும் எழுதி நீட்டினாள். பாலசுந்தரம் அதை இரண்டாக மடித்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

“சரி. அவங்கப்பாகிட்ட திரும்பச் சேக்கச் சொல்லி லெட்டர் வாங்கிட்டு வாங்க. அஞ்சு மணிக்குள்ள வந்தா பேர ஏத்தறேன். அஞ்சு அஞ்சுக்கு வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

காலனி, பள்ளியிலிருந்து நடந்தால் கால் மணி நேரம். முந்திரிக்காட்டுக்குள் வெட்டிய மண்பாதையில் அவள் ஏறக்குறைய ஓடினாள். கவியாவின் அப்பா ராசாங்கம், கட்டடங்களுக்குச் சென்ட்ரிங் அடிக்கும் வேலைக்காரர். அன்று வேலை இல்லாததால் வீட்டில் இருந்தார். அவளைக் கண்டதும் பதறி எழுந்து, மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டார்.

“வேம்பு, நாற்காலிய எடுத்துப் போடு! டீச்சரு வந்திருக்காங்க. ஒக்காருங்க டீச்சர். நானே வந்து உங்களப் பாத்து மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன்.”

“என்கிட்டயா? எதுக்கு?”

“புள்ளைய சரியா வளக்கலயே டீச்சர். நம்ம புள்ளைங்க முன்னுக்கு வரணும்னு நெனைக்கிறவங்க நீங்க. உங்க வகுப்புலயே இப்படி வாயாடிருக்கு பாருங்க. வேற எந்த வாத்தியாரு அந்த நோட்ட எழுதியிருந்தாலும் நான் சட்டையப் புடிச்சிருப்பேன். ‘எங்க புள்ளைங்க பேருதான் ஒங்க கண்ணுக்குத் தெரியுதா?’ன்னு கேட்டிருப்பேன். இது நீங்க கையெழுத்துப் போட்டது. நம்ம டீச்சரே எழுதியிருக்காங்கன்னா பொய்யா இருக்குமா? அதான் ஒண்ணும் பேசாம டிசிய வாங்கியாந்துட்டேன்.”

யாரும் வந்து கேட்க மாட்டார்கள் என்று கீதாஞ்சலி சொன்னது உண்மைதான். ஏன் கேட்கவில்லை என்பதுதான் வெற்றிச்செல்விக்கு இப்போது விளங்கியது. அச்சத்தால் அல்ல, அறியாமையால் அல்ல. அவள் மீது வைத்த நம்பிக்கையால் அந்த மனிதர் வாய் மூடியிருந்தார்.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது நாள் கணக்கைச் சொன்னாள். கையெழுத்துத் தன்னுடையது என்பதைச் சொன்னாள். ராசாங்கம் முதலில் புரியாமல் கேட்டார். பிறகு புரிந்து கேட்டார். பிறகு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கேட்டீங்களா?” என்றாள் கவியாவின் அம்மா வேம்பு, கதவோரத்தில் நின்றபடி. “வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அடிச்சீங்களே. இப்ப கேளுங்க.”

“அடிச்சீங்களா?” என்றாள் வெற்றிச்செல்வி.

“சீட்டு வர்ற அன்னைக்கெல்லாம் அடிச்சேன் டீச்சர். எண்ணு கூடக் கூட அடியும் கூடிப் போச்சு. ‘அந்தம்மா ஒருத்தங்கதான் நம்மள நம்புறாங்க, அவங்க மொகத்துல கரியப் பூசுறியே’ன்னு சொல்லிச் சொல்லி அடிச்சேன்.”

பதினோராண்டுகளாகப் பிரம்பைத் தொடாத கை! அந்தக் கைதான் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு துண்டுத் தாளில் பிரம்பை மடித்து அனுப்பியிருக்கிறது. அதைத் தன் பைக்குள் தானே வைத்துக்கொண்டு, முந்திரிக்காட்டு வழியே கால்மணி நேரம் நடந்து, தன்னை அடிப்பதற்கான எண்ணைத் தானே அப்பாவிடம் எடுத்து நீட்டியிருக்கிறாள் ஒரு குழந்தை. வகுப்பு ஏன் அவ்வளவு அமைதியாக இருந்தது என்று வெற்றிச்செல்விக்கு அப்போது தெரிந்தது. அரியலூரில் கைதட்டியவர்கள் அந்த அமைதிக்குத்தான் கைதட்டினார்கள்.

கவியா குடிநீர்க் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தாள். ஆசிரியையைக் கண்டதும் நின்றாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு வழக்கம்போல் தரையைப் பார்த்தாள்.

“கவியா, எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சும்மா. நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப…”

“போறப்ப முப்பத்தி ரெண்டு டீச்சர். வந்தப்ப நாப்பத்தொண்ணு.”

வெற்றிச்செல்வி அந்தக் குரலை முதன்முறையாகக் கேட்டாள். தெளிவான, கொஞ்சம் தடித்த குரல்.

“அப்பவே ஏம்மா என்கிட்ட சொல்லல?”

“மூணாவது.”

“என்ன மூணாவது?”

“மூணாவது எதிர்பார்ப்பு டீச்சர். மறுத்துப் பேசுனா ரெண்டா எண்ணுவீங்க.” ஒப்பிப்பதுபோல் சொன்னாள். அதில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

“தப்பு என் மேலதான். உன் பேர இன்னைக்கே திரும்பச் சேத்துடறேன். திங்கக்கெழமைலேருந்து வா. அந்த நோட்டு இனிமே இருக்காது.”

“நான் வரல டீச்சர்.”

“ஏய்!” என்றார் ராசாங்கம். “யாருகிட்டப் பேசுற?”

“பேசட்டும் வுடுங்க” என்றாள் வேம்பு.

“நான் தனியாவே எழுதிக்கிறேன் டீச்சர், அடுத்த வருசம். அங்க யாரும் பேரு எழுத மாட்டாங்க.”

“வகுப்புக்கு வர வேணாம். பரீட்சைக்கு மட்டும் வா. ஒரு வருசத்த ஏம்மா வீணாக்கணும்? பேர மட்டும் ஏத்தி வச்சுடறேன்.”

கவியா அன்றைக்கு முதன்முறையாக நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தாள். “பேரு எழுதறதுன்னா உங்களுக்கு ரொம்ப சுலுவுல்ல டீச்சர்?”

அவ்வளவுதான். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ராசாங்கம் கடிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். “சின்னப் புள்ள. நான் சொல்லிப் பாக்குறேன் டீச்சர். நீங்க பேர ஏத்துங்க” என்றார். நாலே முக்காலுக்கு அந்தக் கடிதம் பாலசுந்தரத்தின் மேசைக்கு வந்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டே பெயரை ஏற்றினார்.

“அம்பத்திரண்டு. திருப்தியா? இந்தப் புள்ளையால நூறு ஒடைஞ்சா நீங்கதான் பதில் சொல்லணும்.”

திங்கட்கிழமை வெற்றிச்செல்வி சுவரில் இருந்த தாளைக் கிழித்தாள். நோட்டு இனி இல்லை என்றாள். நடந்ததற்குத் தான்தான் காரணம் என்றும், கீதாஞ்சலியை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்றும் சொன்னாள். ‘பேசுங்க’ என்றாள். ஐம்பத்தொரு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது புதிய எதிர்பார்ப்பா, இதற்கு எத்தனை எண் என்று யோசிப்பதுபோல் பார்த்தார்கள். பத்து நாள் கழித்துத்தான் வகுப்பில் இரைச்சல் எழுந்தது. அதைக் கேட்டு ஓடிவந்த பாலசுந்தரம், “ஒரு நல்ல வகுப்பு கெட்டுப் போச்சே டீச்சர்” என்று உண்மையாகவே வருந்தினார்.

பிப்ரவரியில் கல்வித்துறை மேலிடத்திலிருந்து ஒரு கட்டு வந்தது. பிரித்துப் பார்த்தால், அவளுடைய நோட்டு! தேதி, பாடவேளை, பெயர், குற்றம் என்ற அதே நான்கு கட்டங்கள் வழவழப்பான அட்டையோடு அச்சாகி, எல்லாப் பள்ளிகளுக்கும் போகவிருந்தன. முதல் பக்கத்தில் அவள் பெயர் சொல்லி நன்றி தெரிவித்திருந்தார்கள். அவள் எழுதிக் கொடுத்த தாள் அந்த மேசை இழுப்பறையைத் தாண்டவே இல்லை. அவளே நேராக மேலிடத்துக்கு இரண்டு கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. பொய் அச்சேறுகிற வேகத்தில் மறுப்பு அச்சேறுவதில்லை.

சனிக்கிழமைகளில் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று காலனிக்கு நான்கு முறை போனாள். கவியா மரியாதையாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். “வேல இருக்கு டீச்சர்” என்று சொல்லிவிட்டு முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகைக்குப் போனாள். அவள் முகத்தில் கோபம் இருந்ததா என்று வெற்றிச்செல்வி தேடித் தேடிப் பார்த்தாள். கோபம் இருந்தால் அது என்றைக்காவது ஆறும். இருந்தது கோபம் அல்ல. ஒரு கடையில் ஏமாந்தவர்கள் அந்தக் கடைப்பக்கம் திரும்பாமல் போவார்களே, அது.

பொதுத்தேர்வின் முதல் நாள். தேர்வு மையம் செயங்கொண்டத்தில். வெற்றிச்செல்வி எட்டரைக்கே வாசலில் வந்து நின்றாள். பிள்ளைகள் வேன்களிலும் பஸ்களிலும் வந்து இறங்கி, நுழைவுச்சீட்டைக் காட்டி உள்ளே போனார்கள். கீதாஞ்சலி அருகே வந்து, “வரேன் டீச்சர்” என்றாள். யாரையோ தேடுவதுபோல் சாலையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வெற்றிச்செல்வியின் கையில் ஒரே ஒரு நுழைவுச்சீட்டு மிஞ்சியிருந்தது. அதில் கவியாவின் படம், கவியாவின் எண், பாலசுந்தரத்தின் முத்திரை எல்லாம் சரியாக இருந்தன.

ஒன்பதே முக்காலுக்கு ராசாங்கத்தின் வண்டி வந்து நின்றது. பின்னிருக்கையில் ஆள் இல்லை.

“கவியா?”

அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. “வரலன்னுட்டா டீச்சர். விடிஞ்சதுலேருந்து நானும் அவங்கம்மாவும் கெஞ்சிப் பாத்துட்டோம். கால்ல வுழாத கொறதான். ‘அடுத்த வருசம் எழுதறேன், இவங்க போட்ட பேருல எழுத மாட்டேன்’னு ஒரே புடியா நிக்கிறா.”

“இன்னும் கால் மணி நேரம் இருக்கு. நான் வந்து…”

“கொட்டகைக்குப் போயிட்டா டீச்சர்.” ராசாங்கம் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். “ரெண்டு வச்சிருந்தா வண்டியில ஏறி ஒக்காந்திருப்பா. அடிச்சா கேக்குற புள்ளதான், அது எனக்குத் தெரியும். கைய ஓங்கவும் செஞ்சேன். அவ தலையக்கூட ஒதுக்கல, பாத்துக்கிட்டே நின்னா. கை வரல டீச்சர்.”

வெற்றிச்செல்வி வாயைத் திறந்தாள். அடித்தாவது இழுத்து வந்திருக்கக் கூடாதா என்ற கேள்வி அவள் நாக்கு வரை வந்து நின்றது. பிரம்பைத் தொட மாட்டேன் என்று பதினான்கு வயதில் உறுதி எடுத்தவளின் நாக்கு அது. அவள் அதைக் கடித்துக்கொண்டாள். ராசாங்கத்துக்கு அது கேட்டிருக்க வேண்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “வரேங்க” என்று வண்டியைக் கிளப்பினார்.

உள்ளே மணி அடித்தது.

“டீச்சர், கேட்டைச் சாத்தணும்” என்றார் வாயிற்காவலர். “தள்ளி நில்லுங்க.”

அவள் தள்ளி நின்றாள்.